முதல் வாய்ச் சோறு

வெளிச்சம் மங்குவதற்கு முன்னால் குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கழுத்துக்குக் கீழே நெஞ்சோரம் இருக்கும் இரைப்பையைத் தடவிப் பார்ப்பது தையல்காரியின் வழக்கமாகிவிட்டது. வயிறாரத் தின்ற குஞ்சுக்கு அந்த இடம் ஒரு சின்ன எலுமிச்சம்பழம் போலத் திரண்டு கனமாக இருக்கும். தின்னாததற்குக் காலிப் பை மாதிரி தொளதொளவென்று கிடக்கும். துணியின் கனத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே சொல்லுகிறவள் அவள். அதனால் விளக்குப் போட்டுப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. அன்றைக்கும் தடவினாள். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாம் தொளதொள.

குஞ்சு என்று சொன்னாலும் அவை குஞ்சுப் பருவத்தைத் தாண்டிவிட்டவை. பஞ்சு உதிர்ந்து இறகு முளைத்து, காலும் கழுத்தும் நீண்டு, பார்க்க ஒரு லட்சணமும் இல்லாமல் நிற்கிற வயசு. இந்த வயசில்தான் அள்ளி அள்ளித் தின்னவேண்டும். தின்றால்தான் எலும்பு தேறும்.

அவற்றை அவள் ஆசைக்கு வாங்கவில்லை. வீட்டில் இன்னொருவர் தின்னாமல் கிடந்தார். அவருக்காக வாங்கியது.

அவள் புருஷன் லாரி டிரைவர். மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் ஒரு சாயங்காலம், வீட்டுக்குப் பின்னாலுள்ள சந்தில் லாரியைப் பின்னால் எடுத்தபோது பக்கத்து வீட்டுப் பூட்டுக்காரர் சக்கரத்தில் மாட்டிச் செத்துப்போனார். போலீஸ் வந்தது, கேட்டது, எழுதியது, போனது. டிரைவர் மேல் தப்பில்லை என்று அவர்களே சொன்னார்கள். தெருவும் சொன்னது. செத்தவரின் அக்காகூட வந்து, என் தம்பி நேரம் அப்படி என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லாரும் சொல்லச் சொல்ல டிரைவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். லாரி இப்போது முதலாளியின் ஷெட்டில் நிற்கிறது. இவர் முன்னறை நாற்காலியில் இருக்கிறார்.

தட்டில் சோறு வைத்தால் பிசைவார். பிசைந்ததை உருட்டுவார். உருட்டினதை வாய்வரை கொண்டுபோய், அங்கே ஏதோ தடுத்தாற்போலக் கையை இறக்கிவிடுவார். கொஞ்சம் பால், ஒரு துண்டு ரொட்டி, அதுவும் அவள் பார்க்காதபோதுதான். அவர் கால்சட்டைகளை அவள் இடுப்பில் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். மறுபடி பிடித்தாள். இனிப் பிடிக்கத் துணியில் இடமில்லை என்ற நிலை வந்தபோதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது.

வாரம் தவறாமல் வீட்டுக்கே வந்து டிரைவருக்குச் சவரம் செய்துவிடுகிற சலூன்காரர்தான் அந்த யோசனையைச் சொன்னார். கையில் ஓர் உயிரைக் கொடுத்துப் பார், அதுக்குத் தீனி போடுகிற சாக்கில் மனுஷனும் எழுந்து நடமாடுவான் என்றார். அவள் வாங்கிவந்தாள். டிரைவர் நடமாடவில்லை. குஞ்சுகளும் அவள் தலையில் விழுந்தன.

பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற பருவம் அது. மெஷினை விட்டு எழுந்தால் அன்றைய வேலை கெட்டது. வேளாவேளைக்குத் தீனி வைக்க முடியாமல்தான் அந்தப் புது டப்பாவை வாங்கினாள். நீளமான குழாய், அடியில் சிவப்புத் தட்டு, மேலே கொக்கி. ஒருதடவை நிரப்பிக் கட்டித் தொங்கவிட்டால் தின்னத் தின்ன இறங்கிக்கொண்டே இருக்கும். கடைக்காரர் சொன்னதை எல்லாம் சொன்னபடி செய்தாள். தட்டின் விளிம்பு குஞ்சின் முதுகு உயரத்துக்கு வரும்படி கட்டினாள். பழைய அகலத் தட்டையும் பக்கத்திலேயே சிலநாள் விட்டுவைத்தாள். தீனி அடைத்துக்கொள்ளாமல் குழாயை அவ்வப்போது குலுக்கிவிட்டாள். குஞ்சுகளோ, ஆய்வுக்கு வந்த அதிகாரியைப் பார்ப்பதுபோல் டப்பாவைச் சுற்றித் தள்ளி நின்று பார்த்தன. பழைய தட்டை எடுத்ததும் பட்டினி கிடந்தன.

"ஊட்டி விடு, அப்படியே தோள்ல போட்டு ஏப்பம் வரத் தட்டிக் குடு" என்று சலூன்காரர் கிண்டல் செய்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். "தின்னத் தெரிஞ்ச பெரிய கோழி ஒண்ணு வேணும் தங்கச்சி. அது தின்னா இதுங்க பாத்துக் கத்துக்கும். தாயில்லாம மெஷின்ல பொறிச்சதுங்கதானே, யாரு சொல்லிக் குடுத்தா?"

அந்த வாரமே பூட்டுக்காரரின் அக்கா வீட்டைக் காலிசெய்ய வந்தாள். அரம், சுத்தி, சாவிக் கொத்துகள் எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டியில் போட்டுக் கட்டினாள். பூட்டுக்காரர் கட்டை பிரம்மச்சாரி. அவருக்கென்று இருந்த ஒரே துணை ஒரு சாம்பல் நிறக் கோழி. கொண்டையில் ஒரு பக்கம் கிழிந்திருக்கும். அது கொட்டகைக் கூரைமேல் உட்கார்ந்திருந்தது. அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டு, அறுக்கவும் மனசு வரவில்லை, பஸ்ஸில் கொண்டுபோகவும் முடியாது, நீ வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டாள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். தையல்காரிக்கு அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து எதையும் மறுக்கிற தைரியம் இல்லை. அதோடு, தேடிக்கொண்டிருந்த பெரிய கோழி சுவர் தாண்டித் தானாக வருகிறது. கோழி என்றால் கோழிதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். புருஷனிடம் சந்தையில் வாங்கியது என்று சொன்னாள். அவர் கேட்கவில்லை. இவளாகத்தான் சொன்னாள்.

சிலநாள் வலைக்கு அந்தப் பக்கம் தனியாக வைத்து, முகம் பழகின பிறகு குஞ்சுகளோடு விட்டாள். பெரிய கோழி சின்னதுகளைக் கொத்தி விரட்டும் என்று கையில் துடைப்பத்தோடு நின்றாள். அது ஒன்றும் செய்யவில்லை. நேராக டப்பாவுக்குப் போய்த் தட்டில் தலையை விட்டுக் கொத்திக் காட்டியது. ஒரு குஞ்சு பார்த்தது. அது போய்க் கொத்தியது. அப்புறம் எல்லாம் மொய்த்துக்கொண்டன. தையல்காரி துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

சாயங்காலம் தடவிப் பார்த்தால் தொளதொள.

மறுநாளும் அப்படி. டப்பாவில் தீனி இறங்கவில்லை. தின்னத் தெரிகிறது, தின்னவில்லை. நோயா என்று கண்ணையும் எச்சத்தையும் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒருநாள் காலையில், இருந்ததிலேயே மெலிந்த குஞ்சு கூண்டுக்குள் ஒருக்களித்துக் கிடந்தது. எடுத்தால் வெட்டி மிஞ்சின துணித்துண்டு போல எடையே இல்லை. அதைப் புதைத்துவிட்டு வந்து முன்னறையை எட்டிப் பார்த்தாள். நாற்காலியில் அவர் கண்ணை மூடி இருந்தார். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று நின்று பார்த்தாள். அப்படிப் பார்த்த தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து கொல்லைப்பக்க ஜன்னலருகே போட்டாள். கை தைக்கட்டும், கண் அங்கே இருக்கட்டும் என்று நினைத்தாள்.

பகல் முழுக்கச் சாம்பல் கோழி டப்பாவுக்கு அடியில் நின்றது. தின்னவில்லை. குஞ்சு ஏதாவது கழுத்தை நீட்டினால் தன் உடம்பைக் குறுக்கே கொண்டுவந்து வைத்தது. கொத்தவில்லை, சீறவில்லை. பந்தியில் பெரியவர்கள் உட்காரும்முன் கைவைக்கிற பிள்ளையை அம்மா கண்ணாலேயே அடக்குவாளே, அப்படி. குஞ்சுகளும் அடங்கி நின்றன.

வெயில் சாய்ந்ததும் கோழி நடந்தது. குஞ்சுகள் பின்னாலேயே போயின. பக்கத்து வீட்டுச் சுவரோரம் துணி துவைக்கிற கல் கிடக்கிறது. அதற்கு முன்னால் போய் அரைவட்டமாக நின்றன. கோழி நடுவில், குஞ்சுகள் இரண்டு பக்கமும். கீச்சென்று ஒரு சத்தம் இல்லை. மண்ணைக் கிளறவில்லை. எல்லாத் தலையும் ஒரே பக்கம் சாய்ந்து, கல்லுக்குச் சற்று மேலே எதையோ பார்த்தன. கல்லின்மேல் ஒரு ஆள் உட்கார்ந்தால் அவர் முகம் எங்கே இருக்குமோ, அந்த உயரத்தில்.

அவள் கால் மெஷின் மிதியில் அப்படியே நின்றுவிட்டது.

அங்கே யாரும் இல்லை. காய்ந்த சோப்பு நுரையோடு வெறும் கல்தான். ஆனால் அந்தத் தலைகள் மெதுவாகக் கீழே தாழ்ந்தன. பிறகு மெதுவாக மேலே எழுந்தன. ஒன்று விடாமல், சொல்லிவைத்தாற்போல் சேர்ந்து. மறுபடி கீழே, மறுபடி மேலே. கொஞ்ச நேரம் அப்படியே நடந்தது. பிறகு கோழி ஏமாந்ததுபோல் உடம்பை உதறிக்கொண்டு டப்பாவுக்குத் திரும்பியது. அவசரமாக நாலு கொத்து. குஞ்சுகளும் நாலு கொத்து. அதற்குள் இருட்டிவிட, கண் தெரியாமல் கூண்டில் போய் ஒண்டிக்கொண்டன.

சிலநாள் கழித்துச் சவரத்துக்கு வந்த சலூன்காரரும் அதைப் பார்த்தார். கத்தியைக் கழுவக் கொல்லைப்பக்கம் வந்தவர் கையில் தண்ணீர்க் குவளையோடு நின்றுவிட்டார்.

"எதைப் பாக்குதுங்க?"

"தெரியலண்ணே."

"தெனமுமா?"

"தெனமும்."

வாய் ஓயாத அந்த மனுஷன் குவளையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். டிரைவரின் ஒரு பக்கக் கன்னத்தை மட்டும் மழித்த நிலையில், கடையில் ஆள் காத்திருக்கிறது என்று சொல்லிப் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினார். டிரைவர் ஒரு கன்னம் மழித்து ஒரு கன்னம் நுரையோடு நாற்காலியில் இருந்தார். அவள்தான் துண்டை நனைத்துத் துடைத்துவிட்டாள்.

அந்தக் கோழிக்கு யாரோ தட்டோடு வந்து உட்காரவேண்டும் போலிருக்கிறது என்பதுவரை அவளுக்குப் புரிந்தது. மறுநாள் தானே ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு அந்தக் கல்லில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபோது கல் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்ட சூடு என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு முழுக்க மேகமூட்டம் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அவள் ஒரு வாய் தின்றாள். கோழி அவளைப் பார்த்தது. இரண்டாம் வாய் தின்னும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. குஞ்சுகளும் திரும்பின. உரிமையில்லாத இடத்தில் உட்கார்ந்துவிட்டு எழுகிறவள்போல அவள் எழுந்துவந்தாள்.

அவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நாற்காலியை விட்டு இவ்வளவு தூரம் வந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"அது அவரு கோழி" என்றார்.

சந்தையில் வாங்கினேன் என்ற பொய் அவள் நாக்குவரை வந்து நின்றது. அதை விழுங்கிக்கொண்டு, "எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"கொண்டு வந்த அன்னைக்கே. கொண்டை கிழிஞ்சது என் வண்டியிலதான்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். அவர் கதவு நிலையில் கையை ஊன்றிக்கொண்டு, முகத்தைக் கல்லின் பக்கமே வைத்துக்கொண்டு பேசினார். இத்தனை நாளும் போலீசுக்குச் சொல்லாததை, இவளுக்கும் சொல்லாததைச் சொன்னார். தினமும் சாயங்காலம் சந்தில் வண்டியை நிறுத்தும்போது, லாரியின் உயரத்திலிருந்து பார்த்தால் சுவருக்கு அந்தப்பக்கம் முழுசாகத் தெரியும். எட்டிப் பார்த்தாலொழியத் தரையில் நிற்கிற யாருக்கும் தெரியாது. பூட்டுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு, இந்தக் கல்லுக்கு நேர் அந்தப்பக்கம் சுவரோரம் உட்காருவார். எதிரே கோழி வந்து நிற்கும். அவர் முதல் வாய் சோற்றைத் தின்று விழுங்குகிறவரை அது காத்திருக்கும். விழுங்கிவிட்டுத் தலையை ஆட்டுவார். அதன்பிறகுதான் அது தின்னப் போகும்.

"நான் இஞ்சினை அணைச்சிட்டு அதைப் பாத்துட்டுத்தான் எறங்குவேன். ஒருநாள் பாக்கலன்னா என்னமோ மாதிரி இருக்கும். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசினது கிடையாது. நான் மேல இருக்கேன்னு அவருக்குத் தெரியும். கையைத் தூக்குவாரு."

"அன்னைக்கு?"

"அன்னைக்கு கோழி சந்துக்கு வந்துடுச்சு. அதைக் கூப்பிட வந்திருக்காரு. தட்டோட வந்திருக்காரு." அவர் தட்டைப் பிடிப்பதுபோல் உள்ளங்கையை விரித்தார். "எறங்கிப் பாத்தேன். தட்டுல சோறு வச்சது வச்சபடி. ஒரு வாய்கூடத் தின்னல."

 இத்தனை நாள் வாய்வரை போன கை ஏன் இறங்கியது என்பது அவளுக்கு விளங்கியது.

"அந்த ஒரு வாய்க்குத்தான் அது நிக்குது" என்றார் அவர். "அதுகிட்டப் போய் என்னன்னு சொல்லுவ? போலீஸ் என் மேல தப்பில்லன்னுச்சு, நீ போய்த் தின்னுன்னா?"

"குஞ்சுங்களும் சாகுதுங்க."

"பாத்தேன்."

"நீங்களும்" என்றாள். அதை அவள் சொல்ல நினைக்கவில்லை. வந்துவிட்டது.

அவர் கதவு நிலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "சோறு இருக்கா?" என்று கேட்டார்.

 அவள் தின்று வைத்த தட்டு வேண்டாம் என்று வேறு தட்டை எடுத்தாள். கரண்டி தட்டில் மோதிச் சத்தம் போட்டது. அவர் வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து கல்லுக்குப் போனார். உட்காரும்போது நேராக உட்காரவில்லை. சற்றுச் சாய்வாகத் திரும்பி, இடது காலை மடக்கி, முட்டியின்மேல் தட்டை வைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. தரையில் சப்பணம் போட்டு உட்காருகிறவர் அவர்.

கோழி வந்தது. குஞ்சுகள் வந்தன. அரைவட்டம் கூடியது. அவர் சோற்றை உருட்டினார். தலைகள் தாழ்ந்தன. கை மேலே போனது. தலைகள் எழுந்தன. கை வாய்க்குப் பக்கத்தில் நின்றது. தையல்காரி முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். கை நின்றது, நின்றது. பிறகு வாய்க்குள் போனது. மென்றார். தொண்டை ஏறி இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது. தலையை ஒருதடவை ஆட்டினார்.

கோழி ஓடியது. நடக்கவில்லை, ஓடியது. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து டப்பாவை மொய்த்தன. சிவப்புத் தட்டில் அலகுகள் தட்டுகிற சத்தம் தகரத்தில் மழை பெய்கிறதுபோல் கேட்டது. அவர் தட்டைக் காலி செய்தார். அன்றைக்குத் தடவிப் பார்த்தபோது ஒவ்வொரு இரைப்பையும் கல்லுப்போல் திரண்டு கனத்தது. அவள் கடைசிக் குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள்.

அதன்பிறகு ஒருநாளும் தவறவில்லை. டப்பாவில் தீனி மளமளவென்று இறங்கியது. அவள் நிரப்பிக்கொண்டே இருந்தாள். குஞ்சுகளுக்கு நெஞ்சு அகன்றது, இறகு மினுமினுத்தது. அவரும் தேறினார். இடுப்பில் பிடித்த தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். காலையிலும் மத்தியானத்திலும் தட்டு வைத்தால் முன்போலவே தள்ளிவிடுவார். சாயங்காலம் கல்லில் உட்கார்ந்தால் மட்டும் இரண்டு ஆள் சோறு தின்பார். இரண்டு ஆள் சோறு என்பதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் இருக்கப் பழகினாள்.

சலூன்காரர் மறுபடி வர ஆரம்பித்தார். ஆனால் காலையில்தான் வருவார். லாரி முதலாளி ஆள் அனுப்பி, வண்டி சும்மா நிற்கிறது, எப்போது வருகிறாய் என்று கேட்டார். டிரைவர் எந்த வண்டி என்பதுபோல் அந்த ஆளைப் பார்த்தார். உடம்பு இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று அவள்தான் இடையில் புகுந்து பதில் சொல்லி அனுப்பினாள்.

ஒரு சாயங்காலம் அவர் தின்றுகொண்டிருந்தார். அவள் பாத்திரமும் கரண்டியுமாகப் பக்கத்தில் நின்றாள். கோழியும் குஞ்சுகளும் டப்பாவில் மும்முரமாக இருந்தன. பக்கத்து வீட்டின் காலிக் கொல்லையில் செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு அம்மாள், வெளியூர் போலிருக்கிறது, நடந்தது எதுவும் தெரியாது போலிருக்கிறது, பூட்டியிருந்த வீட்டைச் சுற்றிக்கொண்டு சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தாள். கல்லில் சாய்வாக உட்கார்ந்திருந்தவரின் முதுகுதான் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"அண்ணே, இங்கதான் இருக்கீங்களா? மழைக்கு முன்னால குடுத்தேனே, இரும்புப் பெட்டிச் சாவி, ரெடியாயிடுச்சா?"

தையல்காரி வாயைத் திறந்தாள். இவர் பூட்டுக்காரர் இல்லை, அவர் போய்விட்டார் என்று சொல்லத்தான் திறந்தாள்.

கல்லில் இருந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"மூணாவது பல்லு இன்னும் அரத்துல ராவணும்" என்றார். "நாளைக்கு வாம்மா."

குரல் அவள் புருஷனுடைய குரல்தான். அதில் சந்தேகமில்லை. சரிண்ணே என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போனாள். செருப்புச் சத்தம் சந்தில் தேய்ந்து மறைந்தது. அவர் சிரிப்பார், விளையாட்டுக்குச் சொன்னேன் என்பார் என்று தையல்காரி காத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. நிறம் திரும்பியிருந்தது. நிம்மதியாகத் தின்கிற ஒரு மனுஷனின் முகம் அது. அவர் அவளைப் பார்க்காமல், பழகாத வீட்டில் விருந்துக்கு வந்தவர்போல் கொஞ்சம் கூச்சத்தோடு, தட்டை முன்னால் நீட்டினார்.

அவள் பாத்திரத்தைச் சாய்த்து இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.